ஆற்றங்கரையில் நிற்க ஓர் ஆள்

எட்வின்,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சகத்திலிருந்து வந்தது. நல்ல தாள், நல்ல எழுத்து. ரூபாவின் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், முன்பெல்லாம் 'வழி: இன்ன பாலம் தாண்டி இடப்பக்கம்' என்று போடுவார்களே, அந்த இடத்தில் இப்போது கறுப்புக் கட்டம் ஒன்று அச்சாகியிருக்கிறது. போனைக் காட்டினால் அது மஹாலுக்கு வழி சொல்லும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே காட்டினேன். தஞ்சாவூரிலிருந்து ஒரு நீலக்கோடு கிளம்பியது. வலங்கைமான் தாண்டியது. பாலத்துக்குப் போகாமல் இடப்பக்கம் ஒடிந்தது. கரையில் இறங்கி, ஆற்றைக் குறுக்கே வெட்டி, எதிர்க்கரையில் ஏறி, மஹால் வாசலில் போய் நின்றது. விரைவான வழி என்று பக்கத்தில் எழுதியும் இருந்தது. உன் தாஸ் மாமா செத்த வழி அது.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அந்தப் பத்திரிகை போகப்போகிற வீடுகளில் எல்லாம் கார் இருக்கிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் உன் நண்பர்கள் வருவார்கள். கல்யாணம் ஆகஸ்ட் கடைசியில். ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகிற காலம். வரவேற்போ இருட்டிய பிறகு. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நம் பக்கத்து ஆறு தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை: மஹால்காரர் இதைப் படிக்க வேண்டும். அவர் பெயரையும் மஹாலின் பெயரையும் எழுதப்போவதில்லை. படிக்கிறவர்கள் 'யார் அது, எந்த மஹால்' என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டே இருக்கட்டும். அந்த விசாரணை சுற்றிச் சுற்றி அவர் காதுக்கே போய்ச் சேரட்டும்.

தாஸ் என்னைவிட ஏழு வயது இளையவன். கால்நடை மருத்துவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். வேதாரண்யத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வலங்கைமான் பக்கம் மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே உப்பளங்களுக்கு நடுவே சாலை கோடு கிழித்ததுபோல் போகும். வழி தவற நினைத்தாலும் முடியாது. இங்கே வந்து திணறினான். நம் பகுதியில் ஒவ்வொரு ஊரும் இரண்டு தண்ணீருக்கு நடுவில் இருக்கிறது. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரிகிற ஊருக்குப் போகப் பாலம் தேடி எங்கெங்கோ சுற்ற வேண்டும். அதனால் மேப் இல்லாமல் அவன் காரை எடுக்கமாட்டான். வழி சொல்லும் அந்தப் பெண்குரலுக்குப் 'பெரியக்கா' என்று பெயர் வைத்திருந்தான். "அப்படியே உன்ன மாதிரிதான்க்கா. நேராப் போ, திரும்பு, நில்லுன்னு ஒரே அதிகாரம். ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். தப்பாத் திரும்பினா அது திட்டாது, வேற வழி சொல்லும்" என்பான். "அதுக்கு நீ தம்பி இல்லடா, அதான் திட்டல" என்பேன். ஆனால் ஒன்று. கிளம்புவதற்கு முன்பே போகவேண்டிய இடத்தைப் போட்டு, போனை ஸ்டாண்டில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவான். ஓடுகிற காரில் அவன் போனைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் தேவைப்படும்.

நான் புவியியல் படித்தவள். இவ்வளவு வருஷமாக அதையே பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பவள். வரைபடத்தில் இருப்பதெல்லாம் தரையில் இருக்கும் என்று எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. வரைபடம் என்பது யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாளில் பார்த்தது. அந்த யாரோ யார், அந்த நாள் எந்த நாள் என்று கேட்கத் தெரிய வேண்டும். நம் ஆறுகள் விஷயத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. மேட்டூரை மூடியபின் ஆறு மணலாகிவிடும். பங்குனியிலிருந்து வைகாசி வரை அது ஊருக்கே பொதுவான சாலை. டிராக்டர் போகும், வைக்கோல் ஏற்றிய வண்டி போகும், மீன்காரர் வண்டி போகும், பாலம் சுற்றச் சோம்பல்படுகிற எல்லோரும் இறங்கி ஏறுவோம். தண்ணீர் வந்ததும் அந்த வழி என்று ஒன்று இருந்ததையே மறந்துவிடுவோம். மறக்கிறோம் என்பதுகூட நமக்குத் தெரியாது. போன் மறப்பதில்லை. அதற்குப் பங்குனியும் தெரியாது, ஆனியும் தெரியாது.

மஹால்காரர் அந்த இறக்கத்தை இரண்டு கரையிலும் வெட்டி அகலமாக்கினார். செங்கல் உடைசல் கொட்டிக் கார் இறங்கும்படி செய்தார். கோடைக் கல்யாணங்களுக்கு வருகிறவர்கள் சீக்கிரம் வந்து சேரட்டும் என்று நினைத்தார், அதில் தப்பில்லை. பிறகு அதைச் சாலை என்று மேப்பில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தார். அதை அவரே பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். கோடை முழுக்க அவ்வழியே போன்கள் போவதும் வருவதுமாக இருந்ததால் மேப் நம்பிவிட்டது, கோடு போட்டது. 'வைகாசி வரைக்கும்தான்' என்று சேர்த்து எழுத அதில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் அவர் எழுதியிருக்கமாட்டார்.

தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால் ஊர்க்காரர்கள் இறக்கத்தின் தலைப்பில் கருவமுள் வெட்டிப் போடுவார்கள். முள் கிடந்தால் ஆறு வருகிறது என்று அர்த்தம். அதற்குமேல் நம் பக்கம் போர்டு எதுவும் தேவைப்பட்டதில்லை. தாஸ் செத்த அந்த வருஷமும் போட்டார்கள். அன்று மஹாலில் ஒரு வரவேற்பு இருந்தது. காலையில் ஆறு இன்னும் மணல்தான். மஹால் ஆட்கள் முள்ளை இழுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் சீரியல் லைட் ஆர்ச் வைத்தார்கள். மஹாலின் பெயர், அதற்குக் கீழே விட்டு விட்டு எரியும் அம்புக்குறி. சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது. மஹால்காரர் வரவேற்புக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பாலத்து வழியாக வரச் சொன்னார். ஆக, தண்ணீர் வந்தது அவருக்குத் தெரியும். அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்பதும் தெரியும். ஆர்ச்சை மட்டும் யாரும் அணைக்கவில்லை.

எதிர்க்கரைக் கிராமத்திலிருந்து தாஸுக்கு அழைப்பு வந்தது இருட்டிய பிறகுதான். பசு கன்று ஈன முடியாமல் கிடந்தது. விவசாயி வாட்ஸாப்பில் லொக்கேஷன் அனுப்பினார். தாஸும் அவனுடைய உதவியாளர் முருகேசனும் கிளம்பினார்கள். நடந்ததை முருகேசன் என்னிடம் ஒருமுறை சொன்னார். மறுபடி கேட்க எனக்குத் துணிவில்லை. பெரியக்கா இடப்பக்கம் திரும்பச் சொன்னதும் தாஸ் வேகத்தைக் குறைத்திருக்கிறான்.

"என்ன முருகேசன், இந்தப் பக்கம் பாலம் இருக்கா?"

"எனக்கும் இந்தப் பக்கம் பழக்கமில்ல சார்."

எதிரே ஆர்ச் ஜொலித்துக்கொண்டிருந்தது. "கல்யாண வீட்டுக்காரங்களே கைகாட்டுறாங்க, பெரியக்காவும் அதத்தான் சொல்றா. ரெண்டு பேரும் சொன்னப்புறம் அப்பீல் ஏது?" என்று சிரித்திருக்கிறான். அவன் கடைசியாகப் பேசியது அது.

புதுத்தண்ணீர் தண்ணீர் மாதிரி இருக்காது, உனக்கே தெரியும். நுரையும் சருகும் போர்த்திக்கொண்டு வரும். ஹெட்லைட் பட்டால் மின்னாது. மண்பாதை மாதிரி மங்கலாகக் கிடக்கும். அதுவும் அந்த ஆர்ச் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அதற்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியாது. கார் இறங்கியது. நடு ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம். முருகேசன் பக்கத்துக் கண்ணாடி திறந்திருந்தது. தாஸ் பக்கம் மூடியிருந்தது. இதற்குமேல் எழுத முடியவில்லை.

பசு பிழைத்துக்கொண்டது. அந்த விவசாயி சாவு வீட்டுக்கு வந்திருந்தார். உள்ளே வரவில்லை, தெருவோரம் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன். "நான் அனுப்புன லொக்கேஷன் சரிதாம்மா. எடம் கரெக்டாத்தான் காட்டுது. பாலத்தத் தாண்டி வாங்க சார்னு ஒரு வார்த்த... அத சொல்லாம விட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே அழைத்து வந்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அவர்மீது எனக்கு ஒன்றும் இல்லை. என் வன்மத்துக்குக் கண் தெரியாது என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதற்கு நல்ல பார்வை.

மஹால்காரர் மலர்வளையத்தோடு வந்தார். ரிப்பனில் தங்க எழுத்தில் மஹாலின் பெயர். அதை என் தம்பியின் நெஞ்சின்மேல் வைத்தார். நான் கத்தரிக்கோல் எடுத்து வந்து ரிப்பனை வெட்டி எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆர்ச் ஏன் எரிஞ்சுது?" என்று கேட்டேன். "பந்தி நடந்துக்கிட்டிருந்துச்சும்மா. நல்ல கூட்டம் வேற. ஆள் அனுப்ப முடியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து நம் வீட்டுக் காப்பியைக் குடித்தபடி யாரிடமோ அவர் சொன்னது எனக்குக் கேட்டது: "போனப் பாத்துக்கிட்டே வண்டி ஓட்டுனா வேற என்ன ஆவும்? படிச்சவங்களே இப்படிப் பண்ணா?" ஸ்டாண்டில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறவனைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. போலீஸ் வந்து பார்த்தார்கள். விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஆறு அவருடையது இல்லை. கரை அவருடையது இல்லை. மேப் அவருடையது இல்லை. அவருடையது அந்தப் பந்தி மட்டும்தான். சாவுக்குக் காரணமானதைக்கூட ஒருவேளை நான் என்றாவது விழுங்கியிருப்பேன். செத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாரே, அது தொண்டையிலேயே நிற்கிறது.

உனக்கு இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ மாமாவைப் போல் இல்லை. போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் நீ. போன தை மாதம் திருப்பனந்தாளுக்குப் போய்விட்டு இருட்டியபின் திரும்பிக்கொண்டிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டு, கார் ஏறாமல் இருக்க ஓரம் முழுக்கக் கருங்கல் வைத்திருந்தார்கள். நீ குனிந்து போனைப் பார்த்தாய். ஒரு கணம்தான். நான் கத்தியதால் ஒடித்தாய்; கல் ஒன்று சக்கரத்தில் உரசிக்கொண்டு போனது. "மேப்ல ரோடு கிளியரா இருந்துச்சும்மா" என்றாய். மேப்புக்கு நெல் தெரியாது, கல் தெரியாது, பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் ஏற்றிப் போகிற டிராக்டர் தெரியாது. நீ எங்கே இருக்கிறாய் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். உனக்கு முன்னால் என்ன கிடக்கிறது என்று சொல்ல உன் ஹெட்லைட் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் காரை நிறுத்த முடிகிற வேகம்தான் உன் வேகம். போன் ஸ்டாண்டில் இருக்க வேண்டும், கண்ணுக்கு நேராக, ஆனால் கண்ணாடியை மறைக்காமல். இரவில் திரை கறுப்பாக இருக்கும்படி மாற்றி வை. வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்கிற கண் கொஞ்ச நேரத்துக்குக் குருடு. வழியை மாற்ற வேண்டுமா, காரை ஓரம் கட்டு. பக்கத்தில் ரூபா இருந்தால் அவளைப் பார்க்கச் சொல். பார்ப்பது ஒருவர், ஓட்டுவது ஒருவர்.

இரவில் எங்கு கிளம்பினாலும் உட்கார்ந்த இடத்திலேயே முழு வழியையும் ஒருமுறை விரலால் இழுத்துப் பார். டெல்டாவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்னென்ன பாலம் தாண்ட வேண்டும்? லொக்கேஷன் அனுப்புகிறவர்களிடம் அதை வாயால் கேள். நீலக்கோடு ஆற்றைக் கடக்கிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்; அங்கே பாலம் தெரியவில்லை என்றால் அந்தக் கோட்டை நம்பாதே. கொஞ்ச நேரம் மிச்சம் என்று அது ஆசை காட்டும். பகலில் வேண்டுமானால் அந்த ஆசைக்கு இணங்கு. இரவில் பெரிய சாலையை விட்டு இறங்காதே. கரையோரம் சிக்னல் போய்விடும், அதனால் வழியை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள். தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில், கீழ்நோக்கிச் சரிகிற எந்த இடத்திலும், காரை நிறுத்து. கண்ணாடியை இறக்கு. பாட்டை அணை. தண்ணீருக்குச் சத்தம் உண்டு, வாசனை உண்டு. சந்தேகமாக இருந்தால் இறங்கி நடந்து போய்ப் பார். இறங்கி நடந்து பார்த்து யாரும் கெட்டுப்போனதில்லை. அலங்கார விளக்கு கைகாட்டுகிறது என்பதற்காகப் போகாதே. கல்யாண வீட்டு வெளிச்சம் கல்யாண வீட்டுக்குத்தான் நல்லது. எல்லாம் மீறிக் கார் தண்ணீருக்குள் போய்விட்டால் போனையும் பையையும் தேடாதே. பெல்ட்டைக் கழற்று, கண்ணாடி வேலை செய்கிறபோதே இறக்கு, அந்த வழியாக வெளியே வா. இதைப் படிக்கிற உன் நண்பர்களுக்கும் இதேதான்.

இத்தனை வருஷம் நான் சும்மா இருக்கவில்லை. அந்தச் சாலையை நீக்கச் சொல்லி மேப்காரர்களுக்கு எழுதினேன். ஆறு நிறைந்து ஓடுகிற படத்தை இணைத்தேன். நீக்கினார்கள். அடுத்த கோடையில் டிராக்டர்கள் இறங்கின, மறுபடி முளைத்தது. மறுபடி எழுதினேன். ஒவ்வொரு ஆனியிலும் அந்தக் கரையில் போய் நின்று போனைப் பார்த்துவிட்டு வருவதை, கல்லறைக்குப் பூ கொண்டுபோவதைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறேன். ஒருமுறை, மேப்பில் மஹாலின் குறியைப் பிடித்து இழுத்து வேறு இடத்துக்கு நகர்த்தவும் விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்துகொண்டேன். சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே அது நன்றாகத்தான் பொருந்தியது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பட்டும் நகையுமாக அவருடைய விருந்தாளிகள் சுடுகாட்டு வாசலில் இறங்கி நிற்பதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு சுடுகாட்டுக்குப் போகிற வாய்க்கால்கரை ஞாபகம் வந்தது. தடுப்பு இல்லாத குறுகல் கரை. அந்த வழியே வரப்போவது அவர் இல்லை. வழி தெரியாத யாரோ, இன்னொருத்தியின் தம்பி. அழித்துவிட்டேன். மனம் இளகி அழிக்கவில்லை. குறி தவறும் என்றுதான் அழித்தேன்.

ரூபா மஹால்காரருடைய தங்கை மகள் என்று நீ சொன்ன நாளில் நான் ஒன்றும் பேசவில்லை. அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளாகவே தனியாக வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "எங்க மாமாகிட்ட கேட்டேன் அத்தை. அது பழைய கதைங்கிறாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள். சாக்குச் சொல்லாத பெண். அவளை நான் எதற்கும் பொறுப்பாக்கவில்லை. நீதான் போனில், "மா, மாமா ரொம்ப மாறிட்டாரும்மா. நமக்காக மஹாலயே தர்றேங்கிறாரு" என்றாய். "எந்த மாமா?" என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் உன்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

சபையில் உங்கள் கல்யாண அறிவிப்பை, ஓலையை, இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இந்த இருவரும் சேருவதற்குத் தடை தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைத்தான் பார்த்தார். நம் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம் என்பது வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜெபத்தில் மன்னிப்பு வருகிற இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வதை அவர் ரொம்ப நாளாகக் கவனித்திருக்கிறார். அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

"தடைன்னா உறவுமுறை, வயசு, முன்னாடியே கல்யாணம், இப்படி ஏதாவது இருக்கணும்மா. மஹால் மேல உள்ள கோவத்த ஓலையில சொல்ல முடியாது."

"மஹாலுக்கு எந்த ஞாயித்துக்கெழம தடை கேப்பீங்க ஐயரே?"

"மன்னிக்கணும்மா. நமக்கு அதுதானே..."

"கேட்டா யோசிக்கலாம். கேக்காதவருக்கு எதத் தூக்கிக் குடுக்கிறது?"

ஐயர் முறுக்கைக் கடித்தபடி மின்விசிறியைப் பார்த்தார். உன் அப்பா வழக்கம்போல இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்குள் எனக்குப் பதில் வேண்டும். பத்திரிகையில் அந்தக் கறுப்புக் கட்டத்துக்குக் கீழே, எந்தப் பாலம் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தமிழில் ஒரு வரி அச்சடித்து ஒட்ட வேண்டும். ஆர்ச்சைப் பாலத்தின் தலைப்பில் வைக்க வேண்டும். மேப்புக்கு நான் எழுதிவிட்டேன்; திருத்துவார்களோ மாட்டார்களோ, அதை நம்பி இருக்க முடியாது. அதனால் இருட்டத் தொடங்கியதிலிருந்து கடைசிக் கார் போகிற வரைக்கும் அந்த இறக்கத்தின் தலைப்பில் ஓர் ஆள் நிற்க வேண்டும், கையில் டார்ச்சோடு, வருகிற ஒவ்வொரு காரையும் நிறுத்தித் திருப்பி அனுப்ப. கூலிக்கு ஆள் வேண்டாம். மேனேஜர் வேண்டாம். மஹால்காரர் நிற்க வேண்டும். வரவேற்பு மேடையில் முதல் மாலை தாய்மாமன் போடுவது நம் பக்கத்து வழக்கம்; கிறிஸ்தவர்களாகியும் நாம் விடாத வழக்கம். உன் பக்கத்து மாமன் நிற்கிற இடம் அன்று காலியாக இருக்கும். அவள் பக்கத்து இடமும் காலியாக இருக்கட்டும். போட்டோவில் இரண்டு பக்கமும் சமமாக விழும்.

சம்மதம் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நிற்பேன். சபைச் சட்டப்படி அது தடை ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐயர் என்னை உட்காரச் சொல்வதற்குள், ஆர்ச் ஏன் எரிந்தது என்ற கேள்வியையும் அதற்கு அவர் சொன்ன பதிலையும் சபை முழுக்கக் கேட்டிருக்கும். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் அப்படியே வைத்துக்கொள். உன்மேல் உள்ள அன்பும் அவர்மேல் உள்ள கோபமும் என்னிடம் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் கூட வந்துவிடுகிறது.

அவர் சம்மதித்தால், அன்று நான் பாலம் வழியாக வரமாட்டேன். நம் சபைக் கோயிலில் தாலி கட்டி முடிந்து, வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, நானே காரை எடுப்பேன். போனை ஸ்டாண்டில் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். பெரியக்கா சொல்கிறபடி இடப்பக்கம் திரும்பி மெதுவாகப் போவேன். கரைக்கு மேலே டார்ச் ஆடும். நிறுத்திக் கண்ணாடியை இறக்குவேன். "மஹாலுக்கு இப்படிப் போலாமா?" என்று, வழி தெரியாதவள் கேட்பதுபோலக் கேட்பேன். அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "இப்படிப் போவாதீங்கம்மா. தண்ணி ஓடுது. பாலத்துல சுத்திப் போங்க." ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற வார்த்தைதான். அன்று என் தம்பிக்கு அதைச் சொல்ல அந்த இடத்தில் ஆள் இல்லை. சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி இன்னொரு முறையும் சொல்ல வைப்பேன்.

பிறகு காரைத் திருப்பிப் பாலம் சுற்றி வருவேன். உன்னையும் ரூபாவையும் மனதார வாழ்த்துவேன். அதில் கலப்படம் இருக்காது. முதல் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவேன். நடுவில் யாராவது, 'ஐயோ, அவரு இன்னும் சாப்பிடலையே, கூப்பிட்டு வரச் சொல்லுங்க' என்று பதறுவார்கள். நீ பேசாமல் இரு. பந்தி நடந்துகொண்டிருக்கும். ஆள் அனுப்ப முடியாது.

அம்மா